கொடியில துணி போடலாமா, கூடாதா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. கேன்டீன், ஹாஸ்டல் வராண்டா, பஸ் ஸ்டாப்னு எங்க நின்னாலும் ஒரே வார்த்தைதான் காதில் விழுது: கம்யூனிகேஷன். "அவனுக்கு சிஜிபிஏ எட்டே முக்கால் மச்சி, ஆனா கம்யூனிகேஷன் வீக், ஜிடி ரவுண்டுலயே வெளிய." "அவளுக்கு ரெண்டு அரியர் இருந்துச்சு, ஆனா கம்யூனிகேஷன்ல தூக்கிட்டா."

இதைப் படிக்கிற ஜூனியர்களே, ஒரு கேள்வி. கம்யூனிகேஷன்னா என்னன்னு உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்காங்களா? எனக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: நிமிர்ந்து நில்லு, கண்ணைப் பார்த்துப் பேசு, கையைக் கட்டாதே, இங்கிலீஷ்ல தடுமாறாதே. இதையெல்லாம் நான் ஒழுங்கா கத்துக்கிட்டேன். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். முதல் வருஷத்துலேயே செமினார் ஹால்ல பெஸ்ட் ஸ்பீக்கர் கப் வாங்கினேன். டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ரெண்டு தடவை நான்தான் காம்பியரிங். மைக்கைக் கையில கொடுத்தா போதும், நான் பார்த்துக்கிறேன்னு நினைச்சிட்டு இருந்தவன்.

அந்த நினைப்பு பச்சைமலையில ஒரு சாயந்திரம் உடைஞ்சது. அதைத்தான் சொல்லப் போறேன். ஏன்னா, இன்னும் ஆறு மாசத்துல என் கூடப் படிக்கிறவங்க பாதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனியில டிரெயினி இன்ஜினியரா உட்காரப் போறோம். நமக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்வாங்க. அதுல பல பேர் நம்ம அப்பாவை விட வயசானவங்க. நாம பேசுறதைக் கேட்டுதான் அவங்க மெஷின் பக்கத்துல போகணும். (என் தமிழ்ல எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க, எடிட்டோரியல் டீம் திருத்தியிருப்பாங்கன்னு நம்புறேன்.)

பச்சைமலையில என்ன நடந்துச்சு?

ரெண்டாம் வருஷம் என்எஸ்எஸ் ஸ்பெஷல் கேம்ப். ஏழு நாள். திருச்சியிலிருந்து துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம் வழியா மலை ஏறி டாப் செங்காட்டுப்பட்டி பக்கம் போனோம். போயிருக்கிறவங்களுக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவு முடிஞ்சதும் காத்தே மாறிடும். மேலே மரவள்ளிக் காடு, முந்திரி மரம், நடுநடுவே சின்னச் சின்ன ஊர்கள். அதுல ஒரு ஊர்ல பள்ளிக்கூடக் கட்டடத்துல தங்கினோம்.

மூணாவது நாள் சாயந்திரம் விழிப்புணர்வுக் கூட்டம். நான் ஈஇஇ டிபார்ட்மென்ட்ங்கிறதால மின்சாரப் பாதுகாப்பு பத்திப் பேசுற பொறுப்பு எனக்கு. முந்தின ராத்திரி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து தயார் பண்ணேன். தமிழ்லதான் பேசணும்னு சொல்லிட்டாங்க. சரின்னு இங்கிலீஷ்ல எழுதி, மனசுக்குள்ளேயே தமிழாக்கிட்டுப் போனேன்.

சுமார் நாற்பது பேர் வந்திருந்தாங்க. பெரும்பாலும் பெண்கள். நான் கசிவு மின்னோட்டம் பத்திச் சொன்னேன். உடம்பு வழியா எத்தனை மில்லி ஆம்பியர் போனா என்ன ஆகும்னு சொன்னேன். ஆர்சிசிபின்னு ஒரு கருவி இருக்கு, 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கண் இமைக்கிற நேரத்துல கரண்டை நிறுத்திடும், எல்லார் வீட்டிலும் மாட்டணும்னு சொன்னேன். இருபது நிமிஷம், ஒரு தடவை கூடத் தடுமாறல. முடிச்சதும் கை தட்டினாங்க. "ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க"ன்னு சிரிச்சேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கேட்டாங்க: "எம்புட்டு நேரமா கரண்டப் பத்திச் சொல்றியே தம்பி, எங்க வீட்டு வாசல்ல இருக்கிற கொடியில துணி போடலாமா, கூடாதா? அதச் சொல்லு மொதல்ல."

எனக்கு 'கொடி'ன்னா முதல்ல புரியவே இல்லை. தேசியக் கொடி ஞாபகம்தான் வந்துச்சு. துணி காயப் போடுற கம்பியைச் சொல்றாங்கன்னு பக்கத்தில் இருந்த பொண்ணு சொன்ன பிறகுதான் விளங்குச்சு. எழுந்து போய்ப் பார்த்தேன். கம்பத்திலிருந்து வர்ற சர்வீஸ் ஒயர், வீட்டு முகப்புல ஒரு இரும்புக் குழாய் வழியா உள்ளே போகுது. அந்தக் குழாயிலேயே கொடிக்கம்பியோட ஒரு முனையைக் கட்டியிருந்தாங்க. இன்னொரு முனை முருங்கை மரத்துல. ஒயர் மேல இருக்கிற உறை வெயில்லயும் மழையிலயும் வெடிச்சுப் போனா, குழாய்க்குக் கரண்ட் வரும். குழாயிலிருந்து கம்பிக்கு வரும். ஈரத் துணியோட போய்க் கை வைக்கிறவங்களுக்கு அதுதான் முடிவு. மழைக்காலம் வந்தா நாம பேப்பர்ல படிக்கிற செய்திதான் இது.

நான் அங்கே நின்னு சொன்ன பதில்: "அது வந்து பாட்டி... பொதுவா இன்சுலேஷன் நல்லா இருந்தா..." அதுக்கு மேல வார்த்தை வரல. பாட்டி "சரி விடுப்பா"ன்னு சொல்லிட்டாங்க. அந்த "சரி விடுப்பா" இருக்கே, எந்த ஜட்ஜும் எனக்கு அவ்வளவு குறைவா மார்க் போட்டதில்லை.

ராத்திரி படுத்தப்போ இன்னொரு விஷயம் உறைச்சது. ஆர்சிசிபி வீட்டுக்குள்ள, மீட்டருக்கு அப்புறம் இருக்கிற கருவி. சர்வீஸ் ஒயர் மீட்டருக்கு முன்னாடியே இருக்கு. அங்கே கசிவு வந்தா, வீட்டுக்குள்ள எத்தனை ஆர்சிசிபி மாட்டினாலும் அதுக்குத் தெரியாது. அதாவது நான் அவ்வளவு நேரம் பேசினதுல பாட்டியோட ஆபத்துக்குப் பதிலே இல்லை. தமிழ் வராதது ரெண்டாவது பிரச்சினை. யார் வீட்டு வாசல்ல நின்னு பேசுறோம்னு நான் நிமிர்ந்து பார்க்காததுதான் முதல் பிரச்சினை.

மறுநாள் காலையில் எங்க ஆபீசர் ஈபி லைன்மேன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். அவர் மைக் கேட்கல. ஒரு வீட்டு வாசல்ல அந்தக் கொடிக்கு நேர் கீழேயே நின்னுக்கிட்டார். "அக்கா, இந்தக் கம்பிய இன்னிக்கே அவுத்துடுங்க. நைலான் கயிறு வாங்கி, ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுங்க. யாராவது கரண்டுல மாட்டிக்கிட்டா கையப் புடிச்சு இழுக்காதீங்க, காஞ்ச மரக்கம்பால தள்ளிவிடுங்க. உடனே ஈபிக்குப் போன் போடுங்க." அவ்வளவுதான். அப்புறம் ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு, "நான் என்னடா சொன்னேன்?"னு கேட்டார். அவன் சொன்னான். கம்பால தள்ளுறதை மட்டும் விட்டுட்டான். அதை மட்டும் திரும்பச் சொன்னார். மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும். சாயந்திரத்துக்குள்ள அந்தத் தெருவுல பல வீட்டுல கம்பி இறங்கியிருந்துச்சு.

அவருக்கு எந்தக் கப்பும் கிடைக்காது. ஆனா அந்த வாரம் நான் பார்த்த ஒரே நல்ல பேச்சாளர் அவர்தான்.

இது வேலை இடத்துக்கு எப்படிப் பொருந்தும்?

"ஊர்க் கூட்டம் வேற, கம்பெனி வேற"ன்னு நீங்க சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன், மூணாம் வருஷ லீவுல இன்பிளான்ட் டிரெயினிங் போகிற வரைக்கும்.

நம்ம திருச்சி ஒரு தொழில் ஊர். திருவெறும்பூர்ல பெல் பாய்லர் தொழிற்சாலை, அதை நம்பி துவாக்குடி பக்கம் முளைச்ச ஃபேப்ரிகேஷன் யூனிட்கள், பொன்மலையில ரயில்வே பணிமனை. நம்ம சீனியர்கள் நிறையப் பேரோட முதல் வேலை இப்படி ஒரு ஷெட்டுலதான் தொடங்குது. இந்த மாதிரி இடங்கள்ல காலையில் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 'டூல் பாக்ஸ் டாக்'னு ஒண்ணு நடக்கும். அன்னிக்கு என்ன வேலை, அதுல என்ன ஆபத்து, என்ன கவனிக்கணும்னு சூப்பர்வைசரோ இன்ஜினியரோ அஞ்சு பத்து நிமிஷம் பேசணும். நாம படிச்சு முடிச்சுப் பேசப் போற முதல் மேடை இதுதான். ஸ்டேஜ் கிடையாது, ஸ்லைடு கிடையாது, கிரைண்டர் சத்தத்துக்கு நடுவுல நின்னு பேசணும்.

நான் போன இடத்துல ஒரு இளம் இன்ஜினியர், இங்கிலீஷ்ல அச்சடிச்ச தாளை அப்படியே வாசிச்சார். தப்பே இல்லாத இங்கிலீஷ். எல்லாரும் தலையாட்டினாங்க. ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுக் கலைஞ்சாங்க. டீ டைம்ல ஒரு வெல்டர் அண்ணன்கிட்ட, "காலையில அவர் என்னண்ணா சொன்னார்?"னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே, "அது கையெழுத்துக்கு தம்பி"ன்னார்.

யோசிச்சுப் பாருங்க. அந்தத் தாள்ல எழுதியிருந்ததுல பாதி, முன்னாடி எங்கேயோ யாரோ உயிரைக் கொடுத்ததால எழுதப்பட்ட விதி. டேங்க் உள்ளே இறங்குறதுக்கு முன்னாடி காத்தைச் சோதிக்கணும், உயரத்துல பெல்ட் கொக்கியை மாட்டாம நகரக் கூடாது. அதெல்லாம் அந்த அண்ணனுக்கு வெறும் கையெழுத்தா ஆயிடுச்சு. இங்கே குறை அந்த இன்ஜினியரோட அறிவுலயும் இல்லை, நோக்கத்துலயும் இல்லை. நானும் அவர் இடத்துல அதைத்தான் செஞ்சிருப்பேன். நமக்கு யாரும் சொல்லித் தராத ஒண்ணு அவருக்கும் சொல்லித் தரப்படல.

அதனால என் கருத்து இதுதான்: ஒரு தலைவன் பேசின பேச்சு நல்லா இருந்துச்சான்னு, பேசி முடிச்ச நிமிஷத்துல தெரியாது. கேட்டவங்க அடுத்த ஒரு மணி நேரத்துல என்ன செய்யுறாங்கன்னு பார்த்தாத்தான் தெரியும். கை தட்டறதை வெச்சு அளந்தா நான் பச்சைமலையில ஜெயிச்சவன். கொடிக்கம்பியை வெச்சு அளந்தா லைன்மேன் அண்ணன்தான் ஜெயிச்சவர்.

"அப்போ இங்கிலீஷ் வேண்டாமா?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். வேணும். கிளையன்ட் கால், டேட்டா ஷீட், மெயில், இன்டர்வியூ எல்லாத்துக்கும் இங்கிலீஷ் வேணும். இங்கிலீஷ் பேசத் தயங்குற தமிழ் மீடியம் நண்பர்களுக்கு நான் உபதேசம் பண்ண வரல. அவங்க கஷ்டம் எனக்குத் தெரியாது, அதைச் சுலபமாப் பேசவும் கூடாது. இதை நான் சொல்றது என்னை மாதிரி ஆட்களுக்கு. நமக்கு ஒரு மொழி நல்லா வருது. அதையே கம்யூனிகேஷன்னு நம்பிட்டோம். இன்னொரு பக்கம், இப்போ பல ஷெட்டுல பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவங்களும் வேலை செய்றாங்க. அங்கே நாலு வரி ஹிந்தி தேவைப்படும். கேட்கிறவங்க எந்த மொழியில பயப்படுறாங்களோ, எந்த மொழியில வீட்டுக்குப் போன் பேசுறாங்களோ, அந்த மொழியிலதான் ஆபத்தைச் சொல்லணும்.

இது முடியாத காரியமும் இல்லை. நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. ஸ்ரீரங்கத்துல வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில படிச்சு, அப்புறம் குரோம்பேட்டை எம்ஐடியில எலக்ட்ரானிக்ஸ் படிச்சவர் சுஜாதா. ஊருக்கு எழுத்தாளர். ஆனா தொழிலால இன்ஜினியர். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் உருவாக்கின வேலையில முக்கியப் பங்கு வகிச்சவர். அதே ஆள்தான் 'ஏன்? எதற்கு? எப்படி?'ன்னு ஜூனியர் விகடன்ல வாசகர் கேள்விக்கெல்லாம் தமிழ்ல அறிவியல் சொன்னார். சர்க்யூட் வரைஞ்ச கையாலேயே சாதாரண வாசகனுக்கும் பதில் எழுத முடிஞ்சது. நம்ம கல்லூரி வாசல்லருந்து ஒரு பஸ் ஏறினா போய்ச் சேர்ற ஸ்ரீரங்கத்துல வளர்ந்தவர் இதைச் செஞ்சிருக்கார். 'டெக்னிக்கல் விஷயத்தைத் தமிழ்ல சொல்ல முடியாது ப்ரோ'ன்னு நாம சொல்றது சோம்பேறித்தனம்தான்.

திருப்பிச் சொல்லச் சொல்லுங்க

லைன்மேன் அண்ணன் செஞ்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, அந்தப் பையனைத் திருப்பிச் சொல்ல வெச்சது. நாம என்ன கேட்போம்? "புரிஞ்சுதா?" இந்தக் கேள்விக்கு உலகத்துல ஒரே பதில்தான் உண்டு: "புரிஞ்சுது சார்."

ரயில் ஓட்டுறவங்களைப் பாருங்க. சிக்னல் வர்றப்போ லோகோ பைலட்டும் அசிஸ்டென்ட்டும் அதோட நிறத்தை ஒருத்தருக்கு ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லிக்கணும். ரெண்டு பேருக்கும் கண் தெரியும், ரெண்டு பேரும் அனுபவசாலிகள். இருந்தும் சொல்லணும். "அவர் பார்த்திருப்பார்"ங்கிற நினைப்பை நம்பி ஒரு ரயிலை ஓட்ட முடியாது.

இந்த நினைப்பு எவ்வளவு பெரிய விலை கேட்கும்ங்கிறதுக்கு விமான உலகத்துல ஒரு உதாரணம் உண்டு. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனி. ஒரு விமானி தான் புறப்படுறதைச் சொன்னதா நினைச்சார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த பதில் 'ஓகே'ன்னு தொடங்குச்சு. அதுக்கப்புறம் வந்த 'காத்திரு'ங்கிறது, அதே நேரத்துல இன்னொரு விமானத்திலிருந்து வந்த குரலோட மோதி சரியா கேட்கல. ஓடுபாதையில ரெண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் விமானப் போக்குவரத்துல பேசுற வார்த்தைகளையே இறுக்கினாங்க. முக்கியமான அனுமதிக்கு வெறும் 'ஓகே' போதாது, கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். அங்கே பேசின யாருக்கும் தன்னம்பிக்கையோ அனுபவமோ குறைவில்லை. சொன்னது போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்கிற பழக்கம்தான் குறைஞ்சது.

நீங்க லீடரா நிற்கிறப்போ "புரிஞ்சுதா?"வை விட்டுடுங்க. "அண்ணே, முதல்ல எந்த வால்வை மூடப் போறீங்க?"ன்னு கேளுங்க. பதில் தப்பா வந்தா, அவரைத் திட்டாதீங்க. நீங்க சொன்ன விதத்தை மாத்துங்க.

மைக்கைக் கீழே வைக்கிறதும் பேச்சுதான்

பேச்சாற்றல்னா பேசுறது மட்டும்னு நினைக்கிறோம். தலைமையில இருக்கிறவங்களுக்குப் பாதி வேலை கேட்கிறது.

1986 ஜனவரி 28, அமெரிக்காவோட சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 நொடியில சிதறி ஏழு பேர் இறந்தாங்க. ராக்கெட் இணைப்புல இருந்த ரப்பர் வளையம் குளிர்ல விறைச்சுப் போனது காரணம். நமக்கு முக்கியமான விஷயம் முந்தின ராத்திரி நடந்தது. ராக்கெட் செஞ்ச நிறுவனத்தோட இன்ஜினியர்கள், இந்தக் குளிர்ல வேண்டாம்னு தொலைபேசிக் கூட்டத்துல சொல்லிட்டாங்க. அப்புறம் அந்த நிறுவனம் தனியா கலந்து பேசினப்போ, கடைசி முடிவுக்கு நாலு மேலாளர்களை மட்டும்தான் கேட்டாங்க. இன்ஜினியர்களைக் கேட்கல. முடிவு மாறிடுச்சு.

இதுல நமக்கு ரெண்டு பாடம். நாளைக்கு நாம அந்த இன்ஜினியர் இடத்துல இருப்போம். அப்போ நம்ம எச்சரிக்கையை இருபது ஸ்லைடுக்குள்ள புதைக்காம முதல் வாக்கியத்துலேயே சொல்லத் தெரியணும். நாளன்னிக்கு மேலாளர் இடத்துல இருப்போம். அப்போ அறையில ரொம்ப நேரமா பேசாம இருக்கிறவர் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேட்கத் தெரியணும். ஜிடி ரவுண்டுல நாம பழகுறது இதுக்கு நேர் எதிர். அடுத்தவன் மூச்சு விடுற கேப்புல உள்ளே நுழையுறதைத்தான் பழகுறோம். பக்கத்துல இருக்கிறவனைப் பேச விட்டா நம்ம மார்க் போயிடும்னு பயம். அந்தப் பழக்கத்தோடயே ஆபீசுக்குப் போனா, நம்ம டீம்ல யாரும் நமக்குக் கெட்ட செய்தி சொல்ல மாட்டாங்க. கெட்ட செய்தி வராத லீடர் கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுறவர்.

தோத்த அன்னிக்கு யார் பேசுறாங்க?

செயின்ட் ஜோசப்ல படிச்ச இன்னொருத்தர் அப்துல் கலாம். அவர் பல மேடையில திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சம்பவம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தாலும் இன்னொரு தடவை படிங்க, இந்தக் கட்டுரைக்கு அது வேணும்.

1979 ஆகஸ்ட் 10. எஸ்எல்வி-3 ராக்கெட்டோட முதல் ஏவுதல். கலாம்தான் திட்ட இயக்குநர். ராக்கெட் வங்காள விரிகுடாவுல விழுந்துடுச்சு. வருஷக்கணக்கான உழைப்பு. வெளியே நிருபர்கள் காத்திருந்தாங்க. அன்னிக்கு இஸ்ரோ தலைவரா இருந்த சதீஷ் தவான், கலாமை முன்னாடி தள்ளல. தானே போய் உட்கார்ந்து, தோல்வியை ஒத்துக்கிட்டு, தன் குழு மேல நம்பிக்கை இருக்கு, அடுத்த தடவை ஜெயிப்போம்னு சொன்னார். 1980 ஜூலை 18ல ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போச்சு. அன்னிக்கு தவான் பின்னாடி நின்னுக்கிட்டு, கலாமைப் போய்ப் பேசச் சொன்னார்.

எந்த சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்புலயும் இதுக்கு ஒரு ஸ்லைடு நான் பார்த்ததில்லை. குரல் ஏற்ற இறக்கம் இருக்கு, உடல்மொழி இருக்கு, டை கட்டுறது கூட இருக்கு. யார் எப்போ முன்னாடி நிற்கணும்ங்கிறது இல்லை. ஆனா ஒரு டீம் லீடரை ஆட்கள் நம்புறதும் நம்பாததும் அதை வெச்சுதான். நம்ம சிம்போசியத்துல என்ன நடக்குது? புரோகிராம் நல்லா போனா மேடையில நன்றியுரைக்கு அஞ்சு கோஆர்டினேட்டர். சாப்பாடு பத்தலைன்னா, விளக்கம் சொல்ல ரெண்டாம் வருஷப் பையன் ஒருத்தன். நான் கோஆர்டினேட்டரா இருந்த வருஷமும் அப்படித்தான். இதை எழுதுறப்போ வெட்கமாத்தான் இருக்கு.

சரி, நாம என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நானும் அதே இருபது நிமிஷப் பேச்சாளன்தான். அதனால நான் இந்த ஒன்றரை வருஷமா முயற்சி பண்ணிப் பார்த்த சில விஷயங்கள்.

ஒண்ணு, உங்க புராஜெக்ட்டை மெஸ் அண்ணனுக்கோ, உங்க பாட்டிக்கோ, பஸ்ல பக்கத்துல உட்கார்றவருக்கோ மூணு நிமிஷத்துல தமிழ்ல சொல்லுங்க. எங்கே நாக்கு மாட்டுதோ, அங்கே உங்களுக்கே அந்த விஷயம் சரியாப் புரியலன்னு அர்த்தம். 'எர்த்திங்'கை எங்க மெஸ் அண்ணனுக்கு விளக்கப் போய்தான், நான் மூணு செமஸ்டரா அதை மனப்பாடம் மட்டும் பண்ணியிருக்கேன்னு கண்டுபிடிச்சேன்.

ரெண்டு, பேசப் போற இடத்தை முன்னாடியே போய்ப் பாருங்க. நான் ஒரு பத்து நிமிஷம் அந்தத் தெருவுல நடந்திருந்தா, கொடியைப் பார்த்திருப்பேன். ஷெட்டுல பேசப் போறீங்கன்னா, முந்தின நாள் அங்கே வேலை செய்றவர்கிட்ட "இங்க எதுக்குண்ணே பயப்படுறீங்க?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. உங்க பேச்சோட முதல் வரி அவர் வாயிலிருந்து கிடைச்சுடும்.

மூணு, ஒரு பேச்சுக்கு ஒரே ஒரு செய்தி. கேட்டவர் வீட்டுக்குப் போய் ஒரு வரியில சொல்ற மாதிரி இருக்கணும். அந்த வரியை முதல்ல சொல்லுங்க, கடைசியிலயும் சொல்லுங்க.

நாலு, அவங்க சொல்ற பேரையே சொல்லுங்க. அவங்க 'கொடி'ன்னா நீங்களும் கொடி. அவங்க 'பீஸ் போயிடுச்சு'ன்னா நீங்களும் பீஸ். அகராதித் தமிழ்ல 'உருகி'ன்னு சொல்லி யாரையும் காப்பாத்த முடியாது, இங்கிலீஷ்ல சொல்லியும் முடியாது.

அஞ்சு, மேடை பயம். எனக்கு இப்பவும் உண்டு. முதல் ரெண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, மீதியைக் குறிப்பா வெச்சுக்கோங்க. கூட்டத்துல ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து அவருக்குச் சொல்ற மாதிரி தொடங்குங்க. நம்ம எப்படித் தெரியுறோம்ங்கிற கவலையிலதான் பாதிப் பயம் இருக்கு. அவங்களுக்கு என்ன வேணும்னு யோசிக்க ஆரம்பிச்சா அது குறையுது. முழுசாப் போகாது, குறையும்.

இன்னொரு யோசனை நம்ம காலேஜ் கிளப்களுக்கு. பெஸ்ட் ஸ்பீக்கர் போட்டிக்கு இனிமே ஜட்ஜா புரொஃபசர்களை மட்டும் கூப்பிடாதீங்க. கேன்டீன் அக்கா, செக்யூரிட்டி அண்ணன், லேப் அட்டெண்டர் மூணு பேரையும் உட்கார வைங்க. பேச்சு முடிஞ்சதும் மார்க் கேட்க வேண்டாம். "இவர் என்ன சொன்னார்?"னு மட்டும் கேளுங்க. யாரோட பேச்சைத் திருப்பிச் சொல்ல முடியுதோ, அவருக்குக் கப்.

கேம்ப் கடைசி நாள் நிறைவு விழா. நன்றி சொல்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க. எழுதி வெச்சிருந்த தாளைப் பாக்கெட்டுல வெச்சுட்டு, பேசத் தெரியாம நாலு நாள் முன்னாடி அவங்க நேரத்தை வீணடிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டேன். லைன்மேன் அண்ணன் சொன்னதையே இன்னொரு தடவை சொன்னேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகல. இடையில ரெண்டு தடவை தடுமாறினேன். யாரும் கை தட்டல. இறங்கி வர்றப்போ அந்தப் பாட்டி கையைப் பிடிச்சு நிறுத்தி, "மழை பேஞ்சா எங்க வீட்டு சுவிட்சுப் பெட்டி சுர்ருங்குது தம்பி, வந்து பாரு"ன்னாங்க.

போய்ப் பார்த்தேன். சுவத்துல ஈரம் இறங்கியிருந்துச்சு. இந்தத் தடவை பதில் தெரிஞ்சது: "மெயினை ஆஃப் பண்ணியாச்சு பாட்டி. ஒயர்மேன் வந்து சரி பண்ற வரைக்கும் யாரும் இதைத் தொடாதீங்க." சொல்லிட்டு, "நான் என்ன சொன்னேன்?"னு கேட்டேன்.

பாட்டி சிரிச்சுட்டாங்க. ஆனா சரியாத் திருப்பிச் சொன்னாங்க.